ரிட்டர்ன் லோடு இருக்கா?

நாமக்கல்லில் ஒருவர் புதிதாக லாரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வாங்கிவிடுவாரா? சேஸிஸ் என்ன விலை, பாடி கட்ட எந்தப் பட்டறை, ஃபைனான்ஸ் வட்டி எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவு, டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், டீசல், டோல்கேட், டிரைவர் பேட்டா, இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி... எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். அதுதான் முக்கியமான கேள்வி.

‘கொல்கத்தாவுக்கு லோடு கிடைக்குதுங்க, சரி. ரிட்டர்ன் லோடு இருக்குதுங்களா?’

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரும் அப்படித்தான். அடிக்கு என்ன ரேட், கேஸிங் பைப்புக்கு எவ்வளவு, பாறை வந்தால் எவ்வளவு, தண்ணீர் வராவிட்டால் யார் பணம் தருவார்கள் என்று பேசி முடிக்காமல் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கமாட்டார். கோழிப்பண்ணைக்காரரைக் கேட்கவே வேண்டாம். காலையில் கண் விழிக்கும்போதே அன்றைய முட்டை விலை பைசா சுத்தமாகத் தெரியும்.

கணக்குக்குப் பேர்போன இந்த மண்ணில்தான், நாற்பது லட்ச ரூபாய் செலவுள்ள ஒரு காரியத்தை ஒரு கேள்விகூடக் கேட்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் காரியத்தின் பெயர், ‘பையன் ஃபாரின்ல எம்.எஸ். படிக்கிறானுங்க.’

எந்த யுனிவர்சிட்டி? ‘ஏதோ டெக்சாஸ் பக்கமுங்க.’ என்ன பாடம்? ‘கம்ப்யூட்டர்தானுங்க.’ படிச்சு முடிச்சா எத்தனை மாசத்துல வேலை? ‘அதெல்லாம் கிடைச்சுருமுங்க. கன்சல்டன்சியில சொல்லியிருக்காங்க.’

பத்து லட்ச ரூபாய் பழைய லாரிக்கு இருபது கேள்வி. நாற்பது லட்ச ரூபாய்ப் படிப்புக்குக் கன்சல்டன்சிக்காரர் சொன்னது வேதவாக்கு. இதுதான் எனக்குப் புரியவில்லை.

* * *

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகாதே என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. ‘நம்ம நாட்டுலயே எல்லாம் இருக்கு’ என்று மேடையில் முழங்கிவிட்டு, தன் பிள்ளையை மட்டும் ரகசியமாக விமானம் ஏற்றிவிடுகிற பெரிய மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது புதிதும் இல்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அவர் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்து, அங்கே மாணவர் யூனியனுக்கே தலைவராக இருந்தவர். மகள் பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்போர்டு. படித்து முடித்து ஊர் திரும்பிய இருவரும் சேர்ந்த இடம் கம்யூனிஸ்ட் கட்சி! ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அவர்களுக்கு அது சாத்தியமானது. திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா என்ற கவலை இல்லை. பாங்க் நோட்டீஸ் வீட்டுக் கதவில் ஒட்டப்படும் என்ற பயம் இல்லை.

அன்றைக்கு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை போன இடத்துக்கு இன்றைக்கு லாரி டிரைவர் மகன் போகிறான். சேகோ ஃபேக்டரி சூபர்வைசர் மகள் போகிறாள். இதை நான் கைதட்டி வரவேற்கிறேன். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணக்கில் இருந்த இந்தியர்கள் மட்டும் 3,63,019 பேர். எந்த நாட்டையும்விட அதிகம். இத்தனை பேருமா ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகள்?

என் சண்டை போகிறவர்களோடு இல்லை. அனுப்புகிற வியாபாரத்தோடுதான். ஜமீன்தார் மகன் தோற்றால் அரண்மனை தாங்கும். டிரைவர் மகன் தோற்றால் எது தாங்கும்? இரண்டு ஏக்கர் காடும் ஒரு மாடி வீடும்தானே? அதன் பத்திரம்தான் ஏற்கெனவே பாங்க் லாக்கரில் இருக்கிறதே!

* * *

இந்த வியாபாரத்தில் யார் யாருக்கு எப்போது பணம் கிடைக்கிறது என்று பாருங்கள்.

கன்சல்டன்சிக்காரருக்கு, பையன் சேர்ந்தவுடனே. ‘எங்க சர்வீஸ் ஃப்ரீங்க’ என்று போர்டு வைத்திருப்பார். இலவசமாகச் சேவை செய்ய அவர் என்ன அன்னதானமா நடத்துகிறார்? பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. பையன் கட்டுகிற கட்டணத்திலிருந்துதான். எந்தக் கல்லூரி அதிகக் கமிஷன் தருகிறதோ அந்தக் கல்லூரிதான் ‘உங்க பையன் புரொஃபைலுக்கு பெஸ்ட்’ ஆகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது என்பதைச் சொல்லவா வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்கு, வகுப்பு ஆரம்பிக்கும்போதே. டாக்டர் பட்டத்துக்குச் சேர்கிறவனுக்குப் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் தருகிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், எம்.எஸ். மாணவனிடம் பெரும்பாலும் முழுக் கட்டணம் வாங்குகின்றன. அவன் கறவை மாடு.

அந்த நாட்டு அரசாங்கத்துக்கு, விண்ணப்பம் போட்ட அன்றே. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆக்கியது. அடுத்த ஜூலையில் 2,000. விசா கொடுக்காவிட்டாலும் பணம் திரும்பி வராது.

பாங்குக்கு வட்டி, முதல் நாளிலிருந்தே. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பாங்குகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். ஆகவே பாங்குக்கும் பெரிய நஷ்டம் கிடையாது.

பாக்கி யார்? பையனும் அவன் அப்பா அம்மாவும்தான். எல்லாரும் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருக்கிற மொத்த ரிஸ்க்கும் இந்த மூன்று பேர் தலையில்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். கடன் 40 லட்சம். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருஷம், அதற்கு மேல் ஒரு வருஷம் தவணை கட்டாத சலுகைக் காலம். மூன்று வருஷத்துக்குத் தனி வட்டி மட்டும் 13 லட்சத்து 20 ஆயிரம். அசலோடு சேர்த்தால் 53 லட்சத்து 20 ஆயிரம். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாசத் தவணை சுமார் 73 ஆயிரம் ரூபாய்.

டாலரில் நல்ல சம்பளம் வந்தால் இது தூசு. நாலைந்து வருஷத்தில் அடைத்துவிட்டு அப்பாவுக்குக் காரும் வாங்கித் தருவான். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலை கிடைக்காமல் திரும்பி வந்து, கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ முப்பதாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்தால்? மொத்தச் சம்பளத்தைக் கொடுத்தாலும் தவணையில் பாதிகூடத் தேறாது. சோறு?

இதுதான் ரிட்டர்ன் லோடு கேள்வி. இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

* * *

அங்கே போன பிறகு என்ன நடக்கிறது? சேலம் ஐந்து ரோட்டில் ஃப்ளெக்ஸ் போர்டில் சிரிக்கிற பையன் சொல்லாத கதை அது.

இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேர். செமஸ்டருக்கு மூன்று பாடம்தான், ஆனால் வாரா வாரம் அசைன்மென்ட். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். அந்த வேலைக்கு நூறு பேர் போட்டி. கிடைக்காதவன் பெட்ரோல் பங்கிலோ ஹோட்டலிலோ திருட்டுத்தனமாகக் கைக்காசுக்கு வேலை பார்க்கிறான். பிடிபட்டால் விசா போச்சு.

படிப்பு முடிந்ததும் ‘ஓ.பி.டி.’ என்று ஒரு வருஷ வேலை அனுமதி. கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங் மாதிரிப் படிப்பென்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் வருஷத்தில் மொத்தம் 90 நாள் வேலையில்லாமல் இருந்தால் அந்த அனுமதி காலி. பட்டம் வாங்கியவன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருகிறான். அறுபதாவது நாள் தாண்டியதும், ‘நாலு வருஷம் அனுபவம்னு ரெஸ்யூமே போடு, இன்டர்வியூவுக்கு வேற ஆள் பேசுவான்’ என்று சொல்கிற புரோக்கர் கம்பெனியின் போன் வருகிறது. ஊரில் ஒரு ரூபாய் திருடாத பையன் முதல் பொய்யை அங்கே எழுதுகிறான். அவனைப் பொய்யனாக்கியது யார்? அப்பா கையெழுத்துப் போட்ட அந்தக் கடன் பத்திரத்துக்கு இதில் பங்கில்லையா?

இதையும் தாண்டினால் எச்-1பி குலுக்கல். வருஷத்துக்கு 65,000 விசா. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு என்று தனியாக 20,000. 2025 மார்ச் குலுக்கலில் தகுதியான பதிவுகள் 3,43,981. தேர்வானவை 1,20,141. நூற்றுக்கு 35. அதே கணக்கு நீடித்தால், மூன்று வருஷம் மூன்று தடவை முயன்றாலும் ஏறக்குறைய நாலில் ஒருவனுக்குக் கிடைக்காது. அவன் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சரி. போதாக்குறைக்கு, அதிகச் சம்பளக்காரருக்கே குலுக்கலில் அதிக வாய்ப்பு என்று 2025 டிசம்பரில் புது விதி அறிவித்துவிட்டார்கள். படித்து முடித்து முதல் வேலையில் இருக்கிற பொடியனுக்கு என்ன பெரிய சம்பளம் இருக்கப்போகிறது?

கோயில் திருவிழாவில் குலுக்கல் சீட்டு பத்து ரூபாய். இங்கே ஒரு சீட்டு நாற்பது லட்சம்.

* * *

‘அமெரிக்கா இல்லைன்னா லண்டன், லண்டன் இல்லைன்னா கனடா’ என்பார்கள். சரி, அங்கேயும் எட்டிப் பார்ப்போம்.

பிரிட்டனில் படித்துவிட்டு இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம் என்று ஒரு வசதி இருந்தது. 2012 ஏப்ரலில் அதை மூடினார்கள். 2021 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். இப்போது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதுவே 18 மாதம்தான் என்கிறார்கள். நடுவில் 2024 ஜனவரியிலிருந்து, சாதாரண மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர் கணவனையோ மனைவியையோ கூட்டிவரக் கூடாது என்றும் சட்டம். கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய பணத்தைப் பத்தாயிரம் டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியது. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவை முன்னறிவிப்பே இல்லாமல் ரத்து செய்தார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 19 அன்று, புது எச்-1பி-க்குக் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஒரு பிரகடனம். அங்கேயே படித்துவிட்டு விசா மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று விளக்கம் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம் ராசிபுரத்திலும் சங்ககிரியிலும் எத்தனை வீட்டில் தூக்கம் இல்லையோ!

அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. என் கேள்வி வேறு. பையன் விமானம் ஏறும்போது இருந்த சட்டம் அவன் பட்டம் வாங்கும்போது இருக்காது என்பது பதினைந்து வருஷமாக நம் கண் முன்னால் நடக்கிறது. கடன் பத்திரத்தின் வட்டி மட்டும் மாறாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இதை ஏன் நம் பெற்றோரிடம் ஒருவரும் உட்கார்ந்து சொல்வதில்லை?

மோசடிக் கல்லூரிகள் தனிக் கதை. கலிஃபோர்னியாவில் டிரை-வேலி யுனிவர்சிட்டி என்று ஒன்று. 2011 ஜனவரியில் ரெய்டு வந்தபோதுதான் அது கல்லூரியே இல்லை, விசா விற்கிற கடை என்று உலகத்துக்குத் தெரிந்தது. அங்கே பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சில மாணவர்களின் காலில், ஆட்டுக்கு மணி கட்டுவதுபோல, எங்கே போகிறார்கள் என்று காட்டும் ரேடியோ கருவியை மாட்டிவிட்டார்கள். அந்தக் கடையை நடத்திய அம்மாளுக்கு 2014-ல் பதினாறு வருஷத்துக்கும் மேல் சிறை கிடைத்தது. ஏமாந்த பிள்ளைகளுக்குப் போன வருஷங்கள் கிடைத்தனவா? 2019 ஜனவரியில் இன்னும் விசேஷம். மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி’ என்ற பொய்க் கல்லூரியை அமெரிக்க அரசாங்கமே பொறியாக வைத்திருந்தது! முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். வகுப்பே நடக்காத கல்லூரி என்று தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. இருக்கலாம். குலுக்கலில் தோற்றவனுக்கு ஊர் திரும்ப முடியாத கடன் இருந்தால், எந்த ஓட்டைக்குள்ளும் தலையை விடத்தானே செய்வான்?

* * *

‘என்ன சார், எதிர்மறையாவே பேசறீங்க? என் மச்சான் பையன் டல்லாஸ்ல வீடே வாங்கிட்டான்’ என்று ஒரு குரல் வரும். வரட்டும். ஜெயித்தவன் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்து அனுப்புவான். தோற்றவன் போன் நம்பரை மாற்றிவிடுவான். ஊரில் நம் காதுக்கு வருவது முதல் கதை மட்டும்தான். நூறு லாரியில் நல்ல ஓட்டமுள்ள பத்தை மட்டும் காட்டி உங்களிடம் ஒருவர் வண்டி விற்க வந்தால் வாங்குவீர்களா?

‘ரிஸ்க் எடுக்காம எந்தத் தொழிலுங்க இருக்கு? எங்க அப்பா காலத்துல காட்டை அடமானம் வெச்சுத்தான் ரிக் வண்டி வாங்கினோம்’ என்று இன்னொரு குரல். இது நியாயமான வாதம். பதில் சொல்ல வேண்டும். ரிக் ஓடாவிட்டால் ரிக்கை விற்கலாம். லாரி ஓடாவிட்டால் இரும்பு விலைக்காவது போகும். எம்.எஸ். சர்ட்டிஃபிகேட்டை எந்தக் கடையில் எடைக்குப் போடுவீர்கள்? அது மட்டுமில்லை. ரிக் வாங்கியவருக்குப் போர் போடத் தெரியும். தெரிந்த தொழிலில் எடுப்பதற்குப் பெயர் ரிஸ்க். தெரியாத விஷயத்தில், கமிஷன்காரர் பேச்சைக் கேட்டு எடுப்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கல்யாணச் சந்தை. ‘மாப்பிள்ளை அமெரிக்கா’ என்ற ஒரு வார்த்தைக்கு இந்தப் பக்கம் இருக்கிற விலை உங்களுக்கே தெரியும். கடனைப் பையன் சம்பளம் அடைக்காவிட்டால் வரப்போகிற மருமகளின் பவுன் அடைக்கும் என்று மனசுக்குள் கூட்டல் போடுகிற பெற்றோர் இல்லையா? அதே வீட்டுப் பெண் நன்றாகப் படித்து, ‘நானும் போறேன்ப்பா’ என்றால், ‘கல்யாணம் பண்ணி அனுப்பறோம், அங்க போய் அவரு படிக்க வெச்சா படிச்சுக்கோ’ என்பார்கள். பையனுக்குக் காட்டை அடகு வைக்கலாம், பெண்ணுக்கு மட்டும் மனசு வராது.

அந்தப் பையனைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவனைக் கேள்வி கேட்கவே விடாமல் வளர்த்தது நாம்தான். இந்த வட்டாரத்து ரெசிடென்ஷியல் ஸ்கூல்களின் மகிமை தமிழ்நாட்டுக்கே தெரியும். ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே அரைத்துக் கொடுத்த பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதிகாலையில் எழுப்பி, ராத்திரி வரை படிக்கவைத்து, ‘இதைப் படி, அதை விடு’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. குரூப் சொன்னது ஸ்கூல். காலேஜ் சொன்னது அப்பா. நாடு சொன்னது கன்சல்டன்சி. இருபத்திரண்டு வயதில் அமெரிக்க வகுப்பறையில் ஒரு புரொஃபசர், ‘இதில் உன் கருத்து என்ன?’ என்று முதல்முறையாகக் கேட்கும்போது, பாவம், திருதிருவென்று விழிக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் அந்தப் படிப்பின் உண்மையான லாபம் என்பேன். அந்த லாபத்தை அனுபவிக்கவிடாமல் தவணைத் தேதி அவன் கழுத்தைப் பிடிக்கிறது.

* * *

கடைசியில் திரும்பி வருகிறவன். அவனைப் பற்றித்தான் எனக்குப் பெரிய வருத்தம்.

‘லீவுக்கு வந்தியா கண்ணு? எப்ப திரும்பப் போற?’ என்று தெருவே கேட்கிறது. முதல் மாதம் ‘விசா ரினியூவலுக்கு வந்திருக்கான்’ என்கிறார் அம்மா. மூன்றாம் மாதம் பதிலே சொல்வதில்லை. ஆறாம் மாதம் பையன் வாசலுக்கே வருவதில்லை. கொலை செய்துவிட்டு வந்தவனைப்போல ஒளிந்துகொள்கிறான். என்ன தப்பு செய்தான் அவன்? குலுக்கலில் பெயர் வரவில்லை, அவ்வளவுதானே!

திரும்பி வருவது அவமானம் என்றால், டாக்டர் அம்பேத்கரை என்ன சொல்வீர்கள்? 1915-ல் கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, மேற்கொண்டு லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், பரோடா மன்னர் கொடுத்த ஸ்காலர்ஷிப் காலம் முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்ப வேண்டி வந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். அத்தனை படித்தவருக்கு, சாதியின் பெயரால் அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. வேலையை விட்டு பம்பாய்க்கு வந்து, 1918-ல் கல்லூரி ஆசிரியராகி, காசு சேர்த்து, 1920-ல் மறுபடி லண்டன் போய், 1923-ல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். பாதியில் திரும்பியது அவருடைய தோல்வியா? திரும்பி வந்தவரை நடத்திய விதம்தான் ஊரின் தோல்வி.

* * *

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். வழி வெளியூரில் இல்லை. இந்த மண்ணிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் முட்டைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. பண்ணைக்காரர்கள் 1982-ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழுவில் ஒன்றுசேர்ந்து, விலையை நாங்களே அறிவிப்போம் என்றார்கள். ஜவ்வரிசிக்கும் இடைத்தரகர் வைத்ததுதான் சட்டம். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சரக்கு பொதுவில் ஏலத்துக்கு வந்தது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். விலை வெளிச்சத்துக்கு வந்தது.

எம்.எஸ்.ஸுக்கும் அதே வெளிச்சம் வேண்டும்.

ஒன்று: கல்விக் கடன் கொடுக்கிற பாங்குகளிடம் எல்லாத் தகவலும் இருக்கிறது. எந்த நாடு, எந்தக் கல்லூரி, படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் ஒழுங்காகத் தவணை கட்டுகிறார்கள் என்று தெரியும். பெயர்களை விட்டுவிட்டு, மாவட்டவாரியாக வருஷா வருஷம் அதை வெளியிடட்டும். முட்டை விலையைப்போல.

இரண்டு: கன்சல்டன்சிக்காரர், எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு கமிஷன் வாங்குகிறார் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடவில்லை. பஞ்சாப் 2012-லேயே மாநிலச் சட்டம் போட்டு இவர்களுக்கும் லைசென்ஸ் என்றது. அப்படியும் அங்கே போலி அட்மிஷன் கடிதத்தோடு கனடா போன மாணவர்கள் 2023-ல் தெருவில் நின்றார்கள். ஆகவே சட்டம் மட்டும் போதாது. கண்காணிப்பும் வேண்டும்.

மூன்று: கலெக்டர் நடத்துகிற கல்விக் கடன் முகாமில் பாங்குக்கு ஒரு மேஜை போடுகிறீர்கள் அல்லவா? பக்கத்திலேயே இன்னொரு மேஜை போடுங்கள். அதில், படித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளை மரியாதையோடு உட்காரவையுங்கள். அவர்களைவிட நேர்மையான கன்சல்டன்ட் உலகத்தில் கிடையாது.

நான்கு: மற்ற வழிகளையும் சொல்லுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோ கணக்கில் காட்டினால் போதும். ‘கேட்’ தேர்வு எழுதி இங்கேயே எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் அரசாங்கமே தருகிறது. இதையெல்லாம் கன்சல்டன்சி போர்டில் கொட்டை எழுத்தில் பார்த்திருக்கிறீர்களா? கட்டணமே வாங்காத கல்லூரி கமிஷன் எங்கிருந்து கொடுக்கும்?

இதெல்லாம் அரசாங்கமும் பாங்கும் செய்ய வேண்டியவை. அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு பாங்குக்குக் கிளம்புவதற்கு முன்னால், மகனை எதிரில் உட்காரவைத்துக் கேளுங்கள்: அந்தக் கல்லூரியில் போன வருஷம் இதே படிப்பை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரிடம் நீயே பேசினாயா? வேலை கிடைக்காவிட்டால் தவணைக்கு என்ன வழி? சட்டம் நடுவில் மாறினால் உன் இரண்டாவது திட்டம் என்ன? முக்கியமாக, இந்தப் படிப்பு உனக்குப் பிடித்திருக்கிறதா?

பதில் தெளிவாக வந்தால் தைரியமாக அனுப்புங்கள். மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்போதே இன்னொரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: ‘சரிப்பட்டு வரலைன்னா திரும்பி வந்துரு சாமி, வீடு இருக்குது.’

அப்படிச் சொல்ல, அந்த வீடு அடகில் இல்லாமல் இருக்க வேண்டும்.